பல்லாவரத்துக்குக் கிளம்பியாச்சாக்கும், மாப்ளே?

வெள்ளிக்கிழமை விடிஞ்சா ஊரு உலகத்து மாப்பிள்ளைமாரெல்லாம் குளிச்சு, திருநீறு பூசிக் கோயிலுக்குப் போறாங்க. நீரு ஆபீசுக்கு ‘இன்னைக்கு வீட்டுலேருந்தே வேலை’ன்னு ஒரு மெசேஜைத் தட்டிவிட்டுட்டு, சாக்கை மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போறீரு. போவும். தடுக்கதுக்கு நான் யாரு? பொண்ணைக் கொடுத்தவன். பொண்ணைக் கொடுத்தவனுக்கு வாய் கிடையாதுன்னு நம்ம பக்கத்துல ஒரு முறை. ஆனா உம்ம அம்மா கூடப் பொறந்தவனும் நான்தானே? தாய்மாமனுக்கு வாய் உண்டு. அந்த வாயாலதான் பேசுதேன். செருப்பை மாட்டிக்கிட்டே கேளும், போதும்.

போன வாரம் அலகு துருப்பிடிச்ச மர இழைப்புளி ஒண்ணைக் கொண்டாந்து டிவிக்குப் பக்கத்துல வச்சீரே, என்ன கொடுத்தீரு? 1,200 ரூபாயா? நல்லாயிருக்கு. அதே சாதி இழைப்புளி ஒண்ணு நம்ம ஊரு வீட்டு மச்சுல கெடந்துச்சு. உம்ம தாத்தா வச்சிருந்தது. கூட ரெண்டு உளி, ஒரு வாச்சி, வாய் பொளந்த குறடு ஒண்ணு. தெருவுல ஒருத்தன் சைக்கிள்ல ‘பழைய இரும்பு, ஈயம், பித்தாளைக்குப் பேரீச்சம்பழம்’னு ராகம் போட்டுக் கூவிக்கிட்டு வந்தான். உம்ம அப்பா, அதான் எங்க மச்சான், மச்சுல ஏறி அம்புட்டையும் சாக்குல அள்ளிப் போட்டாரு. தராசுல ஏறுனது உம்ம தாத்தா சொத்து, எறங்குனது பிசுபிசுன்னு ஒரு பொட்டலம் பழம். அதுல பாதியைத் தின்னது யாரு? அரை டவுசரோட திண்ணையில உக்காந்து கொட்டையைத் தெருவுல துப்பிக்கிட்டிருந்தது யாரு? தாத்தாவோட இழைப்புளியைத் தின்னு வளந்த உடம்புல்லா இது! இன்னைக்கு அதையே சம்பளத்துல எடுத்து எண்ணி வச்சுத் திருப்பி வாங்குதீரு. அப்பன் வித்ததை மகன் வாங்க, நடுவுல நின்னவன் மச்சு வீடு கட்டிட்டான்.

ஏன் இந்தப் பித்துன்னு கேட்டா, ‘பழைய சாமான்ல ஒரு ஜீவன் இருக்கு மாமா’ங்கீரு. இருக்கு, இருக்கு. எங்க இருக்குன்னும் எனக்குத் தெரியும். ‘விக்கவனுக்கு இதோட அருமை தெரியாது, எனக்குத்தான் தெரியும்’ங்குற நெனைப்புல இருக்கு. கடையில புதுசா வாங்குனா அட்டையில விலை அடிச்சிருக்கான், அதுல நம்ம சாமர்த்தியத்தைக் காட்ட எடம் ஏது? சந்தையில அப்பிடியா? செத்துப்போன மிக்ஸி மோட்டாரு, ஒத்தைக்கால் நாற்காலி, பொம்மைக்காரு, யாரோ எவரோ கலியாண ஆல்பம், இதுகளுக்கு நடுவுல தார்ப்பாய் மேல ஒரு உளி தலையை நீட்டிக்கிட்டுக் கெடக்கு. அதைப் பாத்ததும் உம்ம கண்ணு ஒரு விரிப்பு விரியும் பாரும், அங்கனயே விலை ஏறிப்போச்சு. விக்கவன் உளியவா பாக்கான்? உம்ம கண்ணையில்லா பாத்துக்கிட்டு இருக்கான்!

அதனால சொல்லுதேன். போனதும் உளியைத் தொடாதேயும். பக்கத்துல கெடக்க ஓட்டை வாளிக்கு விலை கேளும். அதுல மூஞ்சியைச் சுளிச்சுப் பேரம் பேசும். ‘வேண்டாம்ப்பா’ன்னு ரெண்டு எட்டு நடந்துட்டு, திரும்பி, ‘இந்தக் கம்பி என்னத்துக்குப்பா?’ன்னு உளியைக் கால் பெருவிரலாலக் காட்டும். அவன் ‘இங்கிலீஷ்காரன் காலத்து மால் சார்’ம்பான். இங்கிலீஷ்காரன் 1947ல கப்பல் ஏறிட்டான். அவன் விட்டுட்டுப் போன சாமான் மட்டும் வாராவாரம் புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்கு. அதைக் கேட்டுச் சிரிச்சிராதேயும். சிரிச்சா உமக்கு விசயம் தெரியும்னு ஆயிரும். விசயம் தெரிஞ்சவனுக்குத் தனி விலை.

இந்த வித்தையெல்லாம் அவனுக்கும் தெரியும்ங்கதை மட்டும் மறந்துராதேயும். ஓட்டை வாளியை அவன் எதுக்கு உளிக்குப் பக்கத்துலயே வச்சிருக்கான்னு நெனைக்கீரு?

பல்லாவரத்துல பழைய ஆயுதம் பொறுக்கப் போன மொத ஆளு நீருதான்னு நெஞ்சை நிமித்தாதேயும். உமக்கு முன்னாலயே ஒருத்தர் போயாச்சு. ராபர்ட் புரூஸ் ஃபூட்டுன்னு பேரு, சர்க்காரோட நிலவியல் துறையில உத்தியோகம். 1863 மே 30ந் தேதி, அந்த வெயில்ல, பல்லாவரம் பரேடு மைதானத்துப் பக்கம் ஒரு சரளைக் குழியில குனிஞ்சு கல்லு ஒண்ணை எடுத்தாரு. நீரும் நானும் எடுத்திருந்தா நாயை விரட்ட எறிஞ்சிருப்போம். அவரு அதை இப்பிடிப் பாத்தாரு, அப்பிடிப் பாத்தாரு, ஓரமெல்லாம் தட்டித் தட்டிச் சில்லு எடுத்திருக்கதைக் கண்டுபிடிச்சிட்டாரு. மனுசன் செஞ்ச கைக்கோடாலி! பழைய கற்காலத்து ஆளு இந்தியாவுலயும் இருந்திருக்கான்னு மொத மொதல்ல ஊருக்குச் சொன்னது அந்தக் கல்லுதான். அந்த வருசமே வில்லியம் கிங்குங்குற கூட்டாளியோட அத்திரம்பாக்கம் போயி இன்னும் அள்ளியாந்தாரு. அந்த அத்திரம்பாக்கத்து ஆயுதங்களுக்கு வயசு 15 லட்சம் வருசம் இருக்கும்னு 2011ல கணக்குப் போட்டுச் சொல்லியிருக்காங்க. பல்லாவரத்து யாவாரி ‘நூறு வருசத்துச் சாமான்’னு சொன்னா வாயைப் பொளக்கீரே, இந்தப் பக்கத்து மண்ணுல என்னென்ன கெடந்திருக்கு பாத்தீரா?

அந்த மனுசன் யார்கிட்டயும் பேரம் பேசலை, பார்க்கிங்குக்குக் காசு கொடுக்கலை. வாழ்நாள் பூராப் பொறுக்குனதை 1904ல எழும்பூர் மியூசியம் எடுத்துக்கிட்டுது. அது வரைக்கும் அவரு வீட்டம்மா அந்தக் கல்லுகளையெல்லாம் எங்கன வச்சுத் தொடச்சாங்களோ, பாவம். உம்ம அலமாரிக்கு எந்த மியூசியம் ஆளனுப்பும்னு எம்மக கேக்கா. பதிலை யோசிச்சு வையும்.

நான் எளவட்டமா மெட்ராசுக்கு வந்த காலத்துல இந்தச் சோலிக்கு மூர் மார்க்கெட்டு இருந்துச்சு, சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ஒட்டுன மாதிக்க. சர் ஜார்ஜ் மூர் பேர்ல வெள்ளைக்காரன் கட்டுன செவப்புக் கட்டடம். அப்பன் ஆத்தா தவிர அங்க எல்லாம் கெடைக்கும்பாங்க. முன்வாசல்ல திருட்டுக்கொடுத்த செருப்பைப் பின்வாசல்ல விலை பேசி வாங்குனவனும் உண்டுன்னு ஒரு கதை. 1985ல அது எரிஞ்சு போச்சு. யாவாரிங்க கொஞ்சப் பேரு பக்கத்துல அல்லிக்குளத்துக்குப் போனாங்க. உம்ம கூட்டாளிங்க யாராவது ‘மூர் மார்க்கெட்டுல வாங்குனது’ன்னு ஒண்ணைத் தூக்கிக் காட்டுனா, அவரு வயசைக் கேட்டுட்டு அப்புறமா நம்பும்.

சரி, போறதுன்னு ஆயிட்டுது, பாக்கத் தெரிஞ்சு பாரும். பொண்ணு பாக்கப் போன எடத்துல பலகாரத்தையே பாத்துக்கிட்டிருந்தவன் மாதிரி நீரு மரப்பிடியோட பளபளப்பையே பாத்துக்கிட்டு நிக்கீரு. பிடி போனா ஒரு நாள்ல வேற பிடி போட்டுக்கிடலாம். இரும்பைப் பாரும்.

துருவுக்குப் பயப்படாதேயும். மேலாப்புல செவப்புப் பொடியா இருந்தா தேச்சா போயிரும். அடியில கருப்பேறிக் குழி விழுந்திருக்கான்னு நகத்தால சொரண்டிப் பாரும். உளிக்கு ரெண்டு மொகம். ஒண்ணு சரிவு, ஒண்ணு தட்டை. சரிவுப் பக்கம் எந்தக் கோலத்துல இருந்தாலும் சாணை பிடிச்சுக் கொண்டாந்துரலாம். தட்டைப் பக்கத்துல, வாயை ஒட்டிக் குழி இருந்தா வச்சிட்டு வந்துரும். ரெண்டு மொகமும் போயி முட்டுத எடந்தானே கூரு? ஒரு மொகத்துல பள்ளம் இருந்தா, நீரு தீட்டத் தீட்ட அந்தப் பள்ளம் வாய்க்கு வந்து பல்லைக் காட்டும். மரத்துல கோடு கோடா விழும்.

வாயோரத்துல மயில்கழுத்து நீலம் தெரிஞ்சா, ‘ஆகா என்ன கலரு’ன்னு போட்டோ எடுக்காதேயும். எவனோ அவசரக்காரன் கரண்டுச் சாணையில அழுத்திப் பிடிச்சு எரிச்சிருக்கான். எஃகு 300 டிகிரி பக்கம் சூடேறுனா அந்த நீலம் ஓடும். ஓடுனா பதம் போச்சு, கூரு நிக்காது. நம்ம ஊரு கொல்லன் உளிக்குப் பதம் வைக்கும்போது பாத்திருக்கீரா? உலையில காட்டி, எடுத்து, ஓரத்தைத் தேச்சுட்டுக் கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிப்பான். வைக்கோல் மஞ்சளா ஒரு நெறம் வாய்ப்பக்கம் நகந்து வரும். அது 220, 230 டிகிரி. வந்ததும் தண்ணியில ‘சுர்ர்’ருனு ஒரு முக்கு. அவன்கிட்ட தெர்மாமீட்டரும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. அந்த நேரத்துல யாராவது பேச்சுக் கொடுத்தா குறடாலயே போடுவான். நீலம் பாஞ்ச எடத்தை மெதுவா அரைச்சு எடுத்துட்டா அதுக்குப் பின்னால நல்ல எஃகு இருக்கும்தான். ஆனா அதுக்கு உளியில நீளம் மிச்சம் இருக்கணும். சுண்டுவிரல் நீளத்துக்குத் தேஞ்சதை வாங்கிட்டு வந்து ‘இது அந்தக் காலத்துச் சின்ன உளி மாமா’ன்னு எங்கிட்டயே சொன்னீரே, அன்னைக்கு நான் சிரிச்சது அதுக்குத்தான்.

சட்டைப்பையில சின்ன அரம் ஒண்ணு வச்சுக்கிடும். கேட்டுக்கிட்டு ஓரத்துல லேசா ஒரு இழுப்பு. அரம் கறுக்குன்னு கடிச்சா பச்சை இரும்பு, தோட்டத்துல களை எடுக்க ஆகும். வழுக்கிட்டுப் போச்சுன்னா பதம் இருக்கு. ரம்பமா? நுனியைப் பிடிச்சு வளைச்சு விடும். நேரா நிமிரணும். நிமிரும்போது ஒரு எடத்துல நெளிவு நின்னா அது ஆயுசுக்கும் நேரா அறுக்காது. பல்லு போனா பல்லு வச்சுக்கிடலாம், முதுகு போனா போனதுதான்.

இரும்பு இழைப்புளின்னா உமக்கு ஸ்டான்லின்னு பேரைப் பாத்தாலே உசுரு வந்துருது. அமெரிக்காக்காரன் லியோனார்ட் பெய்லி, திருகைத் திருப்புனா அலகு ஏறி எறங்குதாப்புல ஒண்ணு செஞ்சாரு. 1869ல ஸ்டான்லி கம்பெனி அந்த உரிமையை வாங்கிப் போட்டுக்கிட்டுது. உம்ம கையில இருக்க நாலாம் நம்பரு இன்னைக்கும் அந்தப் போக்குதான், 45 டிகிரிச் சரிவுல அலகு உக்காந்திருக்கும். இங்கிலாந்துல ஷெஃபீல்டு ரெக்கார்ட்காரங்களும் 1931லருந்து அதே ஏற்பாட்டுல செஞ்சு வித்தாங்க. எல்லாம் நல்ல சாமான்தான், ஆனா வார்ப்பிரும்பு. ஒருக்காக் கை தவறிச் சிமென்ட் தரையில விழுந்தா விண்டுரும். அலகைக் கழத்திட்டு, வாயைச் சுத்தியும் பக்கச் சொவரு அடியைத் தொடுத மூலையிலயும் முடி கனத்துக்குக் கீறல் ஓடுதான்னு வெயில்ல சாச்சுப் பாரும். அப்புறம் விரலால சுண்டிக் கேளும். முழுசா இருந்தா கிண்ணுன்னு சொல்லும், விண்டிருந்தா சத்தம் செத்திருக்கும். அலகை எடுத்துத் தொளைக்கும் கூருக்கும் நடுவுல எவ்வளவு எஃகு மிச்சம்னும் பாத்துக்கிடும். முன்னால வச்சிருந்தவன் தேச்சுத் தீத்ததுக்கு நீரு எதுக்குக் காசு கொடுக்கணும்?

முத்திரையைப் படிக்கது உமக்கு ஒரு கிறுக்கு. பழைய உளியில ‘காஸ்ட் ஸ்டீல்’, ‘ஷெஃபீல்டு’ன்னு தேஞ்ச எழுத்தைக் கண்டா கண்ணாடியைக் கழத்தி மாட்டி, பூதக்கண்ணாடி வச்சு, ஒரே அமர்க்களம். நம்ம ஊரு ரிட்டையர் வாத்தியார்கிட்ட அதைச் சொன்னேன். அவரு ஒரு கதை சொன்னாரு, கேளும். ஷெஃபீல்டுல 1740கள்ல பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன்னு ஒரு கடிகாரக்காரரு மூசையில எஃகை உருக்கி வாத்தாராம், அதுலருந்துதான் அந்த ஊருக்கு அம்புட்டுப் பேரு. மூசையில எஃகு செய்யத வித்தை நம்ம பக்கத்துக்காரனுக்கு அதுக்கு எத்தனையோ தலைமுறை முன்னாலயே அத்துபடி. கொடுமணல்ல தோண்டுன எடத்துல இரும்பு, எஃகு உலை வச்ச தடமெல்லாம் கெடக்கு. அதுவும் போகட்டும். ஜோசையா மார்ஷல் ஹீத்துன்னு ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தரு, வேலையை விட்டுட்டு 1830ல பரங்கிப்பேட்டையில இரும்பு ஆலை போட்டாரு. சேலத்துத் தாதுவை ஆத்து வழியாப் பரிசல்ல கொண்டாந்து உருக்கி, இரும்பைக் கப்பல்ல சீமைக்கு அனுப்புனாரு. ஷெஃபீல்டுக்கும் போச்சு. அப்புறம் அவரே அங்க போயி, எஃகுல மாங்கனீசு சேக்க வழி கண்டுபிடிச்சு 1839ல காப்புரிமை எழுதி வாங்குனாரு. அந்த ஊரு முதலாளிமாரு வழியை எடுத்துக்கிட்டாங்க, காசு கொடுக்கலை. கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சே மனுசன் 1851ல போய்ச் சேந்துட்டாரு. ஆக, நீரு முத்தம் கொடுக்காத கொறையாத் தூக்கிக்கிட்டு அலையுத சீமை உளிக்குள்ள சேலத்து மண்ணு கொஞ்சம் இருந்தாலும் இருக்கும். அதைத் தெரிஞ்சுக்கிட்டா உமக்கு ருசி கொறைஞ்சிரும்னுதான் இத்தனை நாளு சொல்லாம இருந்தேன்.

சந்தையில உம்ம கூட மல்லுக்கு நிக்க வாரவங்களையும் தெரிஞ்சு வச்சுக்கிடும். ஹோட்டல்காரன் வருவான், கலப்பையும் ஏத்தச்சாலும் கேப்பான், சொவத்துல மாட்டி அதுக்குக் கீழ தோசையை 180 ரூபாய்க்கு விப்பான். வீட்டு அலங்காரக்காரம்மா வருவாங்க, உழக்குல பேனா போடவும் உரல்ல செடி வைக்கவும். இவங்க கூட ஏலத்துக்கு நிக்காதேயும், தோத்துப்போவீரு. அவங்களுக்குச் சாமான் ஓடணும்னு கட்டாயமில்ல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளுக்கும் போகணும்னு ஒரு நெனைப்பு உமக்கு இருக்குன்னு எம்மக சொன்னா. போனா, செட்டிநாட்டு வீட்டுத் தூணைப் பாத்துட்டு வாரும். தூணை நம்ம பிளாட்டு லிஃப்டுல ஏத்த முடியாதுங்கதால அங்க மட்டும் எனக்குப் பயமில்ல.

பல்லாவரத்துக்குப் பெருசா ஒருத்தன் வருவான், அவனைக் கவனிச்சீரா? வெத்தலை போட்ட வாயி, லுங்கி, ஒரு வார்த்தை பேச மாட்டான். அரம், லாரிப் பட்டை, பழைய ஸ்பிரிங்கு, இதைத்தவிர ஒண்ணையும் தொடமாட்டான். அவன் கொல்லன். தேஞ்ச அரம் உமக்குக் குப்பை. அவனுக்கு அது நல்ல எஃகு. உலையில போட்டு அடிச்சா அருமையான கத்தி. அந்தச் சந்தையில கண்ணு விரியாம வாங்குதவன் அவன் ஒருத்தன்தான். அவன் என்ன விலை கொடுக்கான்னு காதைத் தீட்டிக்கிட்டு நில்லும். சாமானோட நெசமான விலை அது. அதுக்கு மேல நீரு கொடுக்கதெல்லாம் உம்ம ஆசைக்குக் கட்டுத வரி.

வீட்டுக்குக் கொண்டாந்த பிறகு இருக்கு அடுத்த கூத்து. துரு எடுக்கப் புளியைக் கரைச்சு ஊத்துனீரு. நல்ல யோசனைதான், புளிக்கு துருவைத் தின்னுத குணம் உண்டு. ஆனா மாப்ளே, புதுப்புளி அரைக்கிலோவைக் கரைச்சு இரும்புக்கு ஊத்திட்டு, அன்னைக்கு ரசம் ஏன் சப்புன்னு இருக்குன்னு எம்மகளைக் கேட்டீரு பாரும், அந்தத் தைரியம் யாருக்கு வரும்? பழம்புளியோ, பிழிஞ்சு போட்ட எலுமிச்சந்தோலோ போதும். ராத்திரி பூரா ஊறப்போட்டுட்டுத் தூங்காதேயும், நல்ல இரும்பையும் அரிச்சிரும். அப்பப்ப எடுத்துத் தேங்காநார் போட்டுத் தேயும். கழுவுன கையோட தொடச்சு, வெயில்ல காட்டி, எண்ணெயைத் தடவும். அஞ்சு நிமிசம் அசந்தா மறுபடி செவந்துரும். நல்லெண்ணெய் நாள்பட்டா பிசுக்குப் பிடிக்கும், தேங்காயெண்ணெய் தேவலை. மெஷின்ல கம்பிப் பிரஷ்ஷை மாட்டி மினுக்காதேயும், மொதல்ல போறது நீரு காதலிக்க அந்த முத்திரைதான். மரப்பிடிக்கு வார்னிஷ் அடிக்கேன்னு கிளம்பிராதேயும். அதுல இருக்க பளபளப்பு ஒருத்தர் கையெண்ணெயும் வேர்வையும் ஏறுனது. எந்த டப்பாவுலயும் அதை அடைச்சு விக்கலை.

இதைச் சொன்னதும் ஞாபகம் வருது. உம்ம மர இழைப்புளி, அதான் 1,200 ரூபா, அதைக் கையில எடும். பின்பக்கத்துல கையணைப்புக்குக் கிட்ட ஒரு வழுவழுப்பான குழி இருக்கா? பெருவிரல் அமுந்தி அமுந்தி விழுந்தது. இப்ப உம்ம பெருவிரலை வச்சுப் பாரும். உக்காரலை, பாத்தீரா? பக்கம் மாறி விழுந்திருக்கு. வச்சிருந்த ஆசாரி எடதுகைக்காரரு. ஒரு வாரமா அதை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புதீரு, இது கண்ணுல படலை. கருவேலத்துல ஒரு விரல் குழி பறிக்கணும்னா எத்தனை நெலை, எத்தனை கதவு, எத்தனை கட்டில் போயிருக்கணும்! எடதுகைக்காரருக்கு அடுத்தவன் சாமானும் ஒத்து வராது, அவரு சாமானும் அடுத்தவனுக்கு ஒத்து வராது. அதனாலதான் அவரு கண்ணை மூடுன பிறகு வீட்டுல யாருக்கும் ஆகாம அது தார்ப்பாய்க்கு வந்துட்டுதோ என்னவோ.

அப்பிடியில்லன்னாலும் வந்திருக்கும். இப்ப ஆசாரி பையன் கையில கரண்டு இழைப்புளி இருக்கு. ‘விர்ர்’ருன்னு ஒரு ஓட்டு, ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. அதுவும் மரம் இருந்தாத்தானே? கதவு ரெடிமேடா வருது, அலமாரி பிளைவுட்டுல வருது, பாத்ரூமுக்குப் பிளாஸ்டிக்குல வருது. ஆயுத பூசைக்குச் சந்தனம் வைக்க மட்டும் அப்பனோட உளியை எடுத்து வைப்பான். அப்புறம் ஒரு வருசம் அதையும் மறந்துருவான். அவன் மேல குத்தமில்ல. பிள்ளைக்கு இங்கிலீஷ் மீடியம் பீஸ் கட்டணும்ல? அவன் விட்டதை நீரு பிடிச்சுக்கிட்டீரு, அவன் உம்ம வேலைக்குப் பிள்ளையைப் படிக்க வைக்கான். அடுத்த தலைமுறையில அந்தப் பையன் பல்லாவரத்துக்குச் சாக்கோட வந்து நிப்பான், உம்ம லேப்டாப்பைத் தூசி தட்டி ‘இதுல ஒரு ஜீவன் இருக்கு’ம்பான்.

அது கெடக்கட்டும். பால்கனிக் கதவு போன ஐப்பசி மழைக்கு உப்பி, அடியில இடிச்சு, நம்ம எல்லாரும் தோளால மோதித் தொறந்துக்கிட்டிருந்தோமே, அன்னைக்கு நீரு என்ன செஞ்சீரு? போன் போட்டு ஆளைக் கூப்பிட்டீரு. அவன் மெஷினோட வந்தான், அடியில ரெண்டு இழுப்பு இழுத்தான், 700 ரூபா வாங்குனான். போறப்ப அலமாரியைப் பாத்துட்டு, ‘சாருக்கு இதெல்லாம் எதுக்கு?’ன்னு எங்கிட்டக் கேட்டான். அலமாரி நெறைய இழைப்புளி, வீட்டுக் கதவுக்குக் கூலியாளு! மாப்பிள்ளை மரியாதையை விட்டுக்கொடுக்கக்கூடாதேன்னு, ‘அதெல்லாம் பெரிய வேலைக்கு’ன்னு சொல்லி வச்சேன்.

இந்த வருசமும் ஐப்பசி வரத்தான் செய்யும். சமையலறை வாசக் கதவு இப்பவே மேல லேசா பிடிக்குது, கவனிச்சேன். அந்த நாலாம் நம்பரு ஸ்டான்லி அலகைக் கழத்தும். கண்ணாடிப் பலகை மேல வாட்டர் பேப்பரை ஒட்டி மொதல்ல தட்டைப் பக்கத்தைத் தேயும், பின்னால சரிவை. கூருக்கு மறுபக்கம் விரல் வச்சா மெல்லிசா ஒரு பிசிறு தட்டணும், தட்டுனா திருப்பிப் போட்டு அதை எடும். நாரை எதுத்து இழைக்காதேயும், பேத்துக்கிட்டு வரும். கீலைக் கழத்திக் கதவை எறக்க ரெண்டாளு வேணும், ஒரு பக்கத்தை நான் பிடிச்சுக்கிடுதேன். சந்தைக்குப் போயிட்டுப் பதினோரு மணிக்குள்ள வாரும். வரும்போது அந்தக் கீலுக்கு ஒண்ணரை இஞ்சு திருகாணி ஒரு டஜன், புதுசா, கடையிலேயே வாங்கிட்டு வாரும்.